பக்கத்துக் கல்லூரியில் அதே படிப்பு

2012 தொடக்கத்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, பால்டிமோர் ஃபெடரல் நீதிமன்றத்தின் பார்வையாளர் வரிசையில் சில நாள் உட்கார்ந்திருந்தேன். அடுத்தவர் கோர்ட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது வக்கீலுக்கு ஒரு சுகம். மேரிலாந்தின் நான்கு கறுப்பினக் கல்லூரிகளுக்காக அவற்றின் மாணவர்களும் பழைய மாணவர்களும் 2006இல் போட்ட வழக்கு அது. பிரதிவாதி, மாநில உயர்கல்வி ஆணையம்.

நிதி கேட்கும் வழக்கு என்று நினைத்துத்தான் போனேன். அந்தக் கோரிக்கையும் இருந்தது. ஆனால் வழக்கின் உயிர் படிப்புகளின் பட்டியலில் இருந்தது. நான்கில் ஒன்றான மார்கன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் எம்பிஏ நெடுநாளாக நடந்துவந்தது, வெள்ளை மாணவர்களும் வந்து படித்தார்கள். அதே ஊர் வட்டாரத்தில் டவ்சனும் பால்டிமோர் பல்கலைக்கழகமும் கூட்டாக இன்னொரு எம்பிஏ தொடங்க, மார்கனின் ஆட்சேபத்தை மீறி 2005இல் ஆணையம் அனுமதி கொடுத்தது. வீட்டுக்கு அருகிலேயே அதே பட்டம் கிடைக்கும்போது கறுப்பினக் கல்லூரியைத் தேடி யார் வருவார்கள்? வேறு இன மாணவர் வரத்து நின்றால் பழைய இனப் பிரிவினை தானாகவே தொடரும். அதற்குப் பலகை மாட்ட வேண்டியதில்லை.

ஆய்வும் இதோடு கட்டுண்டதுதான். ஆய்வகக் கட்டடத்தைப் பணம் கொடுத்துக் கட்டிவிடலாம். உள்ளே வேலை செய்ய முனைவர் பட்ட மாணவர் வேண்டும், அவரை இழுக்க வேறெங்கும் கிடைக்காத படிப்பு வேண்டும், அதை நடத்தப் பேராசிரியர் வேண்டும், அவர் பெயரைப் பார்த்துத்தான் மானியம் வரும். சங்கிலியின் முதல் கண்ணியை அடுத்த கல்லூரிக்குக் கொடுத்துவிட்டு, உங்கள் ஆய்வு ஏன் வளரவில்லை என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

சட்டம் வாதிகள் பக்கம் ஓரளவு சாய்ந்திருந்தது. 1992இல் ஃபோர்டைஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பிரிவினைக் காலக் கொள்கையின் தொடர்ச்சி இன்னும் மாணவர்களைப் பிரிக்கிறதென்றால் அதைக் களைவது மாநிலத்தின் கடமை என்று சொல்லியிருந்தது. தேவையில்லாமல் ஒரே படிப்பை இரு இடத்தில் நடத்துவதும் அதில் அடங்கும். இந்த வழக்கை விசாரித்த நீதிபதி கேத்தரின் பிளேக் 2013 அக்டோபரில் அதையே பிடித்துக்கொண்டு வாதிகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். நிதிக் கோரிக்கையைத் தள்ளினார்: இன்றைய ஒதுக்கீட்டு முறைக்கும் அன்றைய பிரிவினைக்கும் நேர்த்தொடர்பு காட்டப்படவில்லை என்றார். தர்க்கம் சரிதான். ஆனால் பலவருடப் பற்றாக்குறை எந்த ஆண்டுக் கொள்கையிலிருந்து புறப்பட்டது என்று பாதிக்கப்பட்டவரே நூல் பிடித்துக் காட்ட வேண்டும் என்ற விதி, என் மனதில் இன்றும் உறுத்துகிறது.

வென்ற பிறகு நிவாரணத்துக்குப் போராட்டம். பிற கல்லூரிகளின் படிப்புகளை இடம் மாற்ற நீதிபதி ஒப்பவில்லை. கறுப்பினக் கல்லூரிகளில் தனித்தன்மையுள்ள புதிய படிப்புகள் தொடங்கவே 2017இல் வழி வகுத்தார். மாநிலம் மேல்முறையீடு செய்தது. மேல் நீதிமன்றமோ சமரசம் பேசச் சொன்னது. இந்தக் கல்லூரிகளுக்கு நிதி ஒதுக்கச் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை 2020இல் ஆளுநர் நிராகரித்தார். மறுவருடம் அவரே கையெழுத்திட, பத்தாண்டுகளில் 57.7 கோடி டாலர் என்று முடிந்தது. கோர்ட்டில் தோற்ற நிதிக் கோரிக்கை, சட்டமன்றத்தின் வழியே திரும்பி வந்தது.

வழக்குப் போட்ட வருடம் முதலாண்டில் சேர்ந்த பிள்ளைக்கு அப்போது முப்பது வயது தாண்டியிருக்கும்.