இருக்கைக்கு அடியில் நாற்பது லிட்டர்

திங்கள்

ஃபோர்டின் எஃப் வரிசை 1977-லிருந்து அமெரிக்காவில் அதிகம் விற்கும் பிக்கப். சுமை ஏற்றும் வண்டியாகப் பிறந்தது, இன்று பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப்போகும் குடும்ப வண்டியும் அதுதான். நான்கு கதவு, இரண்டு வரிசை இருக்கை, பின்னால் திறந்த தொட்டி. டிக்கி மட்டும் கிடையாது. கார்களில் சப்வூஃபர் பெட்டி போய் உட்காரும் இடமே டிக்கி என்பதால், பிக்கப்காரருக்கு மிஞ்சுவது பின் இருக்கையின் அடிப்பாகம். மெத்தையை மேலே மடக்கினால் அகலத்துக்கு ஓர் இடைவெளி தெரியும். நீளம் தாராளம், உயரம் கஞ்சத்தனம். தரையும் ஒரே சீராக இருக்காது: நடுவில் மேடு, ஓரத்தில் ஜாக்கி, அங்கங்கே போல்ட் தலைகள். இதைப் பார்த்ததும் ஆடியோ பிரியர்கள் சொல்வது, இங்கே நல்ல பேஸ் வராது, இடம் போதாது என்பது. எனக்கு அதில் உடன்பாடில்லை. இடம் போதும். கெட்டுப்போகிற பெட்டிகளில் பெரும்பாலானவை பலகையின் தொய்வாலும் காற்றுக் கசிவாலும்தான் கெடுகின்றன. பழியை லிட்டர் கணக்கு சுமக்கிறது.

செவ்வாய்

சிறிய பெட்டியின் மேலுள்ள பயத்துக்கு ஒரு பெயரே உண்டு: ஹாஃப்மனின் இரும்பு விதி. சிறிய பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த பவரில் அதிக சத்தம், இம்மூன்றில் இரண்டுதான் கிடைக்கும், மூன்றாவதை விட்டுத்தர வேண்டும். விதி சரியானதே. ஆனால் எதை விட்டுத்தருவது என்பதை இடத்துக்கு இடம் தனியாக முடிவு செய்ய வேண்டும். 1954-இல் எட்கர் வில்ச்சர் ஏஆர்-1 ஸ்பீக்கரில் செய்தது இதைத்தான். காற்றுப் புகாத சிறு பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காக்கி, பவர் கூடுதலாகச் செலவானால் ஆகட்டும் என்று விட்டார். இன்றைக்கு வண்டியில் ஆம்ப்ளிஃபயர் பவர்தான் மலிவான சரக்கு. லிட்டரை வாங்க முடியாது, வாட்டை வாங்கலாம்.

எண்களால் பார்த்தால் பயம் இன்னும் குறையும். நெவில் தீலும் ரிச்சர்ட் ஸ்மாலும் வகுத்துத் தந்த கணக்கு இன்று ஒவ்வொரு ஸ்பீக்கரின் அட்டையிலும் அச்சாகி வருகிறது. சொந்த அதிர்வெண் 30 ஹெர்ட்ஸ், கோனின் ஆட்டம் எவ்வளவு அடங்குகிறது என்று சொல்லும் எண்ணான க்யூ 0.5, காற்றுக்கு ஈடான கொள்ளளவு 30 லிட்டர் என்று ஒரு பத்து அங்குல ஸ்பீக்கரை வைத்துக்கொள்வோம். அதை 30 லிட்டர் சீல்டு பாக்ஸில் மாட்டினால் மொத்த க்யூ 0.707, சத்தம் 3 டெசிபல் இறங்கும் இடம் 42 ஹெர்ட்ஸ். பாடப்புத்தகம் பரிந்துரைக்கிற அமைப்பு. பெட்டியைப் பாதியாக்கி 15 லிட்டர் ஆக்கினால் க்யூ 0.87-க்கு ஏறும், அரை டெசிபல் மேடு ஒன்று வரும், 3 டெசிபல் இறங்கும் இடம் 44 ஹெர்ட்ஸுக்கு நகரும். பாதிப் பெட்டியைப் பறிகொடுத்ததற்கு இழப்பு 2 ஹெர்ட்ஸ்! உண்மையான இழப்பு அதற்கும் கீழே, 20 ஹெர்ட்ஸில் சுமார் 3 டெசிபல். அதையும் கேபின் ஓரளவு திருப்பித் தருகிறது. ஒலி அலையின் பாதி நீளம் கேபினின் நீளத்தைத் தாண்டியதும் உள்ளே அலை ஓடுவதில்லை, காற்று முழுவதும் ஒன்றாக அமுங்கி விரிகிறது. இரண்டே முக்கால் மீட்டர் கேபினில் இது 60 ஹெர்ட்ஸ் சுமாருக்குத் தொடங்கும். அதற்குக் கீழே ஆக்டேவுக்கு 12 டெசிபல் வீதம் ஏறும் என்பது ஏட்டுக் கணக்கு. சீல்டு பாக்ஸ் இறங்குவதும் அதே வீதத்தில். நிஜ வண்டியில் கதவு ரப்பர் கசியும், கூரைத் தகடு ஆடும், ஆகவே ஏட்டுக் கணக்கு முழுதாகக் கைக்கு வராது. பாதி வந்தாலே அந்த 3 டெசிபல் அடைபட்டுவிடும்.

வியாழன்

பெட்டியில் போர்ட், அதாவது காற்று போய்வரும் திறந்த குழாய், வைத்தால் இன்னும் சத்தம் வருமே என்பது அடுத்த ஆட்சேபம். வரும், மறுக்க முடியாது. ஆனால் 20 லிட்டர் பெட்டியை 35 ஹெர்ட்ஸுக்குச் சுருதி சேர்க்க, மூன்று அங்குலக் குழாய் என்றாலே ஏறக்குறைய அரை மீட்டர் நீளம் வேண்டும். குழாய் தானே இரண்டு லிட்டருக்கு மேல் விழுங்கும். பத்து அங்குல ஸ்பீக்கர் முழு வீச்சில் தள்ளும் காற்றுக்கு அந்த மூன்று அங்குலமும் போதாமல் புஸ் புஸ்ஸென்று இரையும். குழாயை அகலமாக்கினால் நீளமும் கூடவே வளரும். தவிர, சுருதிக்குக் கீழே கோனைப் பிடித்து நிறுத்த உள்ளே காற்று ஸ்பிரிங் இருக்காது. டிக்கியில் இடம் உள்ளவர்களுக்கு அது நல்ல வழி. இருக்கைக்கு அடியில் அதை ஒரு வழியாக எண்ணுவதே வீண்.

வெள்ளி

மரத்துக்கு வருவோம். இங்கேதான் காரியம் இருக்கிறது. வெளி அளவு 120 × 32 × 16 செ.மீ. என்று ஒரு பெட்டி. 19 மி.மீ. எம்.டி.எஃப். போட்டால் உள்ளே 40 லிட்டர் தேறும், எடை 17 கிலோவைத் தாண்டும். அதே பெட்டியை 12 மி.மீ. பர்ச் பிளைவுட்டில் செய்தால் 47 லிட்டர், எடை 10 கிலோ. மெலிந்த பலகை ஆடாதா என்று கேட்பார்கள். ஆடும், கேள்வி நியாயமானது. பலகையின் விறைப்பு கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் போகிறது, 19-லிருந்து 12-க்கு இறங்கினால் கால்பங்குதான் மிஞ்சும். உள்ளே நடக்கும் அமுக்கமும் சாதாரணமானதல்ல. அந்த 40 லிட்டருக்குள் இரண்டு பத்து அங்குல ஸ்பீக்கர்கள் 10 மி.மீ. உள்ளே போனால் ஒவ்வொன்றும் மூன்றில் ஒரு லிட்டர் காற்றை அமுக்கும். கணக்குப் போட்டால் மேல்பலகையின் மீது 80 கிலோ அளவுக்கு விசை. ஓர் ஆள் பலகைமேல் நொடிக்கு நாற்பது முறை ஏறி இறங்குவதுபோல.

ஆனால் பலகையின் வளைவு, தாங்கலுக்குத் தாங்கல் உள்ள இடைவெளியின் நான்மடிப் பெருக்கத்தில் போகிறது. இடைவெளியைப் பாதியாக்கினால் வளைவு பதினாறில் ஒரு பங்காகும். ஆகவே தாங்கல் கொடுத்த 12 மி.மீ. பலகை, தாங்கல் இல்லாத 19 மி.மீ. பலகையைவிட நான்கு மடங்கு விறைப்பு. தாங்கலை எங்கே வைப்பது என்பதில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். பெட்டி நீளமாக இருப்பதைப் பார்த்து, நடுவில் குறுக்குச் சுவர் ஒன்றை வைத்துவிடுகிறார்கள். பார்க்கப் பலமாகத் தெரியும், பலனோ சொற்பம். 120 × 32 பலகையில் வளைவைத் தீர்மானிப்பது 32 என்கிற குறுகிய பக்கம். நீளத்தை இரண்டு 60 ஆக வெட்டினாலும் அந்த 32 அப்படியே இருக்கிறதே. தாங்கல் நீளவாட்டில் ஓட வேண்டும், 32-ஐ இரண்டு 16 ஆக்க வேண்டும். காற்று போய்வர அந்தப் பட்டையில் பெரிய ஓட்டைகள், ஸ்பீக்கர் காந்தம் வரும் இடத்தில் வெட்டு. மேல்பலகையும் அடிப்பலகையும் அதில் பசையோடு கடித்து நிற்க வேண்டும். மூலைகளில் உட்புறமாக சிலிகானோ ரெசினோ ஒரு கோடு ஓடட்டும். ஊசித்துளை அளவு கசிவும் மூச்சுவிடுவதுபோல் இரையும், காற்று ஸ்பிரிங்கையும் தளர்த்தும்.

கடையில் ரெடிமேட் பெட்டி கிடைக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு? கூலியைக் கணக்கில் சேர்த்தால் ரெடிமேட்தான் லாபம், அதில் சந்தேகமில்லை. ஆனால் பொதுவாக விற்கும் பெட்டி பல வண்டிகளுக்குப் பொருந்த வேண்டியது, ஆகவே ஒவ்வொரு வண்டியிலும் கொஞ்சம் இடத்தை வீணாக விடும். தரையின் மேடு பள்ளத்தை அட்டை வெட்டிப் பிரதியெடுத்து, அடிப்பலகையை அதற்கேற்பப் படியாக அமைத்தால் அந்த இடம் திரும்பக் கிடைக்கும். ஃபைபர் கிளாஸில் தரையை அச்செடுத்தால் இன்னும் கிடைக்கும். ரெசின் நாற்றத்தோடும் உப்புத்தாள் தூசியோடும் மல்லுக்கட்டத் தயாராக இருப்பவர்கள் செய்யட்டும்.

ஞாயிறு

ஸ்பீக்கரைத் தரையைப் பார்த்து மாட்டுவதுதான் இந்த இடத்தில் வழக்கம். மேல்நோக்கி வைத்தால் மெத்தை வந்து கோனை அடைக்கும். தலைகீழாகத் தொங்கினால் கோன் நாளடைவில் தொய்ந்துவிடும் என்றொரு எச்சரிக்கை சுற்றிவருகிறது. எவ்வளவு தொய்யும் என்பதைச் சொந்த அதிர்வெண்ணை வைத்தே சொல்லிவிடலாம். 30 ஹெர்ட்ஸ் ஸ்பீக்கருக்கு 0.28 மி.மீ. முன்னும் பின்னும் 10 மி.மீ. ஓடும் கோனுக்கு இது மூன்று சதவீதம்கூட இல்லை. 20 ஹெர்ட்ஸ் ஸ்பீக்கர் என்றால் 0.6 மி.மீ., அங்கே கொஞ்சம் யோசிக்கலாம். அதைவிட யோசிக்க வேண்டியது கீழே விடும் இடைவெளியைத்தான். முழு வீச்சில் கோனும் அதன் ரப்பர் விளிம்பும் தரைவிரிப்பைத் தொடாமல், காற்றும் பக்கவாட்டில் தாராளமாக வெளியேற, நாலு செ.மீ. விட்டால் நிம்மதி. பெட்டியின் 16 செ.மீ. உயரத்தை முடிவு செய்யும்போதே இதையும் கழித்துவிட வேண்டும்.

பூட்டுவது பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. ஸ்பீக்கர்களோடு சேர்த்து 15 கிலோ பெட்டி, மோதலின்போது புவியீர்ப்பைப் போல 20 மடங்கு எதிர்முடுக்கம் வந்தால் 300 கிலோ விசையோடு முன்னால் பாயும். மேலே மெத்தை இருக்கிறதே, அது பிடித்துக்கொள்ளும் என்பது வெறும் நம்பிக்கை. உலோகப் பட்டையும் போல்ட்டும் வேண்டும். ஆனால் தரையில் துளை போடுமுன் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்க வேண்டும், சட்டத்தை ஒட்டி பிரேக் குழாயும் எரிபொருள் குழாயும் ஓடும். இருக்கை பூட்டியிருக்கும் போல்ட்டுகளைக் கழற்றி அவற்றின் கீழே பட்டையைச் செருகக் கூடாது, அவை இருக்கையைக் காப்பதற்காகக் குறிப்பிட்ட இறுக்கத்தில் பூட்டப்பட்டவை. குழந்தை இருக்கையின் கொக்கிகளும் ஜாக்கியும் மறையாதபடி அளவெடுத்தால் பெட்டி நாலைந்து லிட்டர் சுருங்கும். செவ்வாய்க்கிழமைக் கணக்கின்படி அந்த லிட்டர்களின் விலை ஒரு ஹெர்ட்ஸைக்கூடத் தொடாது.