துளசியும் கற்பூரவள்ளியும்

சென்ற ஆண்டு எங்கள் பள்ளியின் மூலிகைத் தோட்டத்தில் நிகழ்ந்த ஒன்றை எழுத வேண்டுமென்று நெடுநாள் எண்ணியிருந்தேன். அதில் என் தவறும் அடங்கியிருப்பதால் கை பின்வாங்கிக்கொண்டே இருந்தது. ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் பயன்படக்கூடும் என்பதால் இன்று எழுதுகிறேன்.

எங்களுடையது சிறிய தமிழ்ப்பள்ளி. நான்காம் ஆண்டில் பன்னிரண்டே மாணவர்கள். தாவரங்கள் குறித்த அறிவியல் பாடத்தின்போது ஆளுக்கொரு தொட்டி கொடுத்தேன். ஆறு தொட்டிகளில் துளசி, மற்ற ஆறில் கற்பூரவள்ளி. துளசி நாற்றுகளைக் கோயில் வளாகத்தில் விதை விழுந்து தானே முளைத்திருந்த இடத்திலிருந்து கேட்டு வாங்கி வந்தேன். கற்பூரவள்ளி என் வீட்டுச் செடியிலிருந்து ஒடித்த கிளைகள். அந்தச் செடிக்கு ஒரு வரலாறு உண்டு. பால்மரம் வெட்டிய என் தாயார், தோட்டத்தை விட்டுப் பட்டணத்திற்குக் குடிபெயர்ந்தபோது மைலோ டின்னில் வைத்துத் தூக்கி வந்த செடியின் வழித்தோன்றல் அது. நாற்காலிகளைக்கூட விட்டுவிட்டு வந்தார். அந்த டின்னை விடவில்லை.

இவ்விரண்டையும் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. இரண்டும் புதினாக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இளந்தண்டை விரல்களுக்கிடையில் உருட்டிப் பாருங்கள், நான்கு மூலைகள் தட்டுப்படும். இலைகள் எதிரெதிராக இணையிணையாய் வரும். மாணவர்கள் தண்டை உருட்டி, "சதுரமா இருக்கு டீச்சர்!" என்று கூவியதே அன்றைய பாடத்தின் வெற்றி.

பிழை அடுத்த நாள் தொடங்கியது. ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் கற்றது என் மனத்தில் ஊறிப்போயிருந்தது: இரண்டை ஒப்பிட வேண்டுமெனில் மற்றவை அனைத்தும் கட்டுப்படுத்தப்பட்ட மாறிகளாக இருத்தல் வேண்டும். ஆகவே ஒரே மண், ஒரே வெயில், ஒவ்வொரு தொட்டிக்கும் நாள்தோறும் 200 மில்லிலிட்டர் நீர். மாணவர்கள் முகவையால் அளந்து, துளி பிசகாமல் ஊற்றினார்கள்.

மூன்றாம் வாரத்தில் துளசி முழங்கால் உயரத்திற்கு வந்துவிட்டது. கற்பூரவள்ளியோ மண்ணை ஒட்டிய பகுதியில் கறுத்து, தொட்டால் கொழகொழவென்று சரிந்தது. ஆறில் நான்கு போயிற்று. பின்னர் ஒரு வார விடுமுறை வந்தது. தொட்டிகள் கூரைக்குக் கீழே இருந்தன; நீர் ஊற்ற ஆளில்லை. திரும்பி வந்து பார்த்தால் ஆறு துளசியும் காய்ந்த குச்சிகளாய் நின்றன. எஞ்சிய இரண்டு கற்பூரவள்ளிகளோ இலை சற்றுத் தொய்ந்திருந்ததைத் தவிர நலமாகவே இருந்தன.

அதன் தடித்த இலையே அதன் நீர்த்தொட்டி. மேல் மண் நன்கு காய்ந்த பிறகுதான் அதற்கு நீர் வேண்டும். காலை வெயில் போதும். உச்சி வெயிலில் நாள் முழுதும் நின்றால் இலை மஞ்சளித்துச் சுருங்கும். துளசிக்கோ ஆறு மணி நேர வெயிலாவது தேவை; தொட்டியில் இருந்தால் நாள்தோறும் நீரும் தேவை. ஆனால் வேரடியில் நீர் தேங்குவதை இரண்டுமே பொறுப்பதில்லை. துளசி பூக்கதிர் விட்டவுடன் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். இல்லையெனில் விதை கட்டி, தண்டு முற்றி, இலை சிறுத்துப்போகும். கற்பூரவள்ளி விதை தருவது அரிது. கிளையை ஒடித்து ஈர மண்ணில் செருகினால் இரண்டு வாரத்திற்குள் வேர் பிடித்துவிடும்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். தொட்டிகளுக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு ஏறத்தாழ ஒரு வாரத்தில் முட்டையிலிருந்து முழுக் கொசுவாகிவிடும். மூலிகை வளர்க்கப் போய் டெங்கியை வளர்த்த கதையாகும்.

செடி அழுகியவர்களுள் ஒரு மாணவன் மிகவும் அழுதான். அவனைத் தேற்ற, வீட்டிலிருந்து இரண்டு கிளைகள் கொண்டுவந்து கொடுத்தனுப்பினேன். ஒன்றரை மாதம் கழித்து அவன் தாயார் தொலைபேசியில் அழைத்தார்.

"டீச்சர், தம்பிக்கு ரெண்டு நாளா இருமல். நீங்க கொடுத்த செடி நல்லா வந்திருக்கு. அந்த இலையைக் கொடுக்கலாமா?"

நான் தயங்கவே இல்லை. இரண்டு இலைகளைத் தோசைக்கல்லில் வாட்டிப் பிழிந்து, சாற்றில் தேன் கலந்து கொடுக்கச் சொன்னேன். என் தாயார் எங்களுக்குச் செய்தது அதுவே. இருமலில் இழைப்பு உண்டா, மூச்சு வாங்குகிறதா என்று ஒரு சொல் கேட்டேனில்லை.

மறுநாள் நள்ளிரவில் அவனை மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார்கள். ஆஸ்துமா. முகமூடி பொருத்தி மருந்தை ஆவியாகச் செலுத்தினார்கள். இரண்டு இரவுகள் வார்டில் இருந்தான். பார்க்கச் சென்றபோது அந்தத் தாயார் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "டீச்சர் சொன்னீங்களேன்னு இன்னொரு நாள் பொறுத்துப் பார்த்தேன்," என்று மட்டும் சொன்னார். அதைவிடக் கடிந்துகொண்டிருக்கலாம்.

கற்பூரவள்ளியை நான் இப்போதும் குறை சொல்லமாட்டேன். அதன் மணத்திற்குக் கார்வக்ரால், தைமால் ஆகிய பொருள்கள் காரணம். தைமால் ஓமத்திலும் உண்டு, அதனால்தான் ஓமவல்லி என்றும் பெயர். மலாய்க்காரர்கள் 'பங்குன் பங்குன்' என்கிறார்கள். சுமத்திராவின் பாத்தாக் இனத்தார், பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கு இவ்விலையைக் குழம்பாகச் சமைத்துக் கொடுப்பது வழக்கம். துளசியில் இருப்பது கிராம்பில் உள்ள அதே யூஜினால். சாதாரணச் சளிக்குத் துளசி நீர், தொண்டைக் கரகரப்பிற்குக் கற்பூரவள்ளிச் சாறு என்பது எங்கள் வீட்டு வழக்கம். தொண்டைக்கு இதமாக இருக்கும். அவ்வளவே. சுருங்கிய மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்துக்கு இவை ஈடாகா. மூச்சிழுக்கும்போது விலா எலும்பிடுக்கு உள்வாங்கினாலோ, ஒரு வாக்கியத்தை முடிக்க இயலாமல் குழந்தை திணறினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, செடியருகே போகாதீர்கள், மருத்துவமனைக்குப் போங்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனும் கூடாது. குருதி உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோர் துளசியைத் தொடர்ந்து உண்பதற்கு முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நன்று.

இவ்வாண்டு தோட்டத்தை மாற்றி அமைத்திருக்கிறோம். துளசி திடலோரம், முழு வெயிலில். கற்பூரவள்ளி சிற்றுண்டிச்சாலைச் சுவரின் கிழக்குப் பக்கத்தில். ஒவ்வொரு தொட்டியிலும் எப்போது நீர் ஊற்றுவது என்று மாணவர்களே எழுதிய அட்டை இருக்கிறது. மூலிகைகளின் பயன் குறித்து நான் எழுதி ஒட்டியிருந்த பெரிய பலகையை மட்டும் எடுத்துவிட்டேன். எல்லா நோய்க்கும் மருந்து என்னும் தோரணையில் எழுதியிருந்தேன். தாதியர் ஒருவரிடம் காட்டிவிட்டு வேறொன்று எழுத வேண்டும்.

அந்த மாணவன் இப்போது ஐந்தாம் ஆண்டு. சென்ற வாரம் அவன் தாயார் பள்ளிக்கு வந்து, செடி தோட்டத்தில் அடர்ந்திருப்பதைப் பார்த்து ஒரு பிடி இலை கேட்டார். என் முகம் மாறியதைக் கண்டுகொண்டார் போலும்.

"பயப்படாதீங்க டீச்சர். இன்ஹேலர் அவன் பையிலேயே இருக்கு. இது சாயங்காலம் பஜ்ஜி போட."

பெரிய இலைகளாகப் பார்த்துப் பறித்துக் கொடுத்தேன்.