அளவெடுத்துச் செய்யும் துவக்கு

சில வாரங்களுக்கு முன்னர், கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வாழும் என் தங்கையின் மகன் தொலைபேசியில் அழைத்தான். வேட்டைக்கென அளவெடுத்துச் செய்யப்படும் றைபிள் ஒன்றுக்கு முற்பணம் கட்டப் போவதாகவும், அதன் பிடங்கில் தன் அம்மப்பாவின், அதாவது என் தந்தையாரின், பெயரைச் செதுக்க விரும்புவதாகவும் சொன்னான். "நீங்கள் ஓம் எண்டால்தான் ஓடர் குடுப்பன், மாமா" என்றான். முடிவு என் தலையில் விழுந்தது.

அவன் சொன்ன நியாயங்கள் அற்பமானவை அல்ல. அவன் இடக்கையன். கடைகளில் அடுக்கியிருக்கும் றைபிள்களில் பெரும்பாலானவை வலக்கைக்காரருக்கானவை. கைவினைஞரோ தையற்காரரைப் போல அளவெடுப்பார். விசையிலிருந்து பிடங்கின் கடைசி வரையுள்ள நீளம், கன்னம் பதியும் மேட்டின் உயரம் ஆகியன பொருந்தினால், தோளில் ஏற்றிய கணமே கண் குறிக்கு நேராக வந்து நிற்கும். வோல்நட் மரத்தில் அதைச் செய்து முடிக்க ஒரு வருடத்திற்கு மேல் ஆகுமாம். விலை பல ஆயிரம் டொலர்.

இது புதிய ஆசையன்று. 1848இல் நுவரெலியாவில் குடியேற்றம் அமைத்த சாமுவேல் பேக்கர், அதற்கு முன்னரே, 1840இல், பிறிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்பவரிடம் தனக்கென ஒரு றைபிள் செய்வித்திருந்தார். நிறை 21 றாத்தல். குழலின் நீளம் 36 அங்குலம். குண்டு மூன்று அவுன்ஸ். அவரது வலிய உடலுக்கே அது ஏற்றது. ஆனால் அத்தகைய துவக்குகளுக்கு எங்கள் மலைநாட்டு யானைகள் கொடுத்த விலை பெரிது.

என் தந்தையாரின் துவக்கு எவருக்கும் அளவெடுத்துச் செய்யப்பட்டதன்று. வன்னியில் வயலைப் பன்றியிடமிருந்து காக்க, வருடந்தோறும் அனுமதிப்பத்திரம் புதுப்பித்து அவர் வைத்திருந்த ஒற்றைக்குழல் துவக்கு அது. 1985இல் ஓர் இரவு ஆயுதம் ஏந்திய இளைஞர்கள் வந்து கேட்டார்கள். கேட்டார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. மறுநாள் முதல் தந்தையார் பன்றியைப் பற்றிக் கவலைப்படவில்லை. "ஆரை நோக்கிப் பிடிச்சிருப்பாங்களோ?" என்று மட்டும் அடிக்கடி கேட்டார். பதில் தெரியாமலே கண்ணை மூடினார். அனுமதிப்பத்திரம் இன்றும் என் அலுமாரியில் இருக்கிறது.

இரண்டு நாள் யோசித்துவிட்டு மருமகனை அழைத்தேன். இடக்கைக்காரருக்கான றைபிள்களைத் தொழிற்சாலைகளும் செய்கின்றன. பிடங்கின் நீளத்தைத் துவக்குத் திருத்துபவர் கூட்டிக் குறைக்கலாம். மூஸ் வேட்டைக்கான அனுமதி ஒன்டாரியோவில் விண்ணப்பித்த எல்லோருக்கும் கிடைப்பதில்லை. ஆகவே, அப்படியொன்றை வாங்கி இரண்டு பருவம் காட்டுக்குப் போய்வா. அப்போதும் தோளுக்கு ஒவ்வாவிட்டால் கைவினைஞரிடம் போகலாம். பணம் உன்னுடையது, அதை நான் தடுக்க மாட்டேன் என்றேன்.

"அப்ப பேர்?"

பெயருக்குச் சம்மதமில்லை என்றேன். நன்றாகப் பேணிய றைபிள் நூறு வருடம் வாழும். உன் உடலுக்கு அளவெடுத்தாலும், உனக்குப் பிறகு அது யார் தோளில் ஏறும் என்பதை அளவெடுக்க முடியாது. தன் துவக்கு எங்கே போனது என்று அறியாமல் வருந்திய மனிதரின் பெயரை இன்னொரு துவக்கில் ஏற்றி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

அவன் நெடுநேரம் பேசவில்லை. அந்த இரவைப் பற்றி அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. "அம்மப்பா நல்லாச் சுடுவாரோ, மாமா?" என்று கடைசியில் கேட்டான்.

பன்றியை வெருட்ட வானத்தை நோக்கித்தான் அதிகம் சுட்டார் என்றேன். அது உண்மை.