டிரைவர் பாவம், விட்டுடுங்க

ராஸ்பெர்ரி பை 5-ல ஹார்ட் டிஸ்க் திடீர் திடீர்னு காணாமப் போகுதா?
டிரைவரைத் திட்டாதீங்க. சார்ஜரைப் பாருங்க.

மயிலாப்பூர் வீட்டுல அப்பாவோட பழைய கச்சேரி கேசட்டெல்லாம் அந்த டிஸ்க்லதான் ஏறுது.
ஆலாபனை பாதியில இருக்கும். லாக்ல 'யூஎஸ்பி டிஸ்கனெக்ட்'னு ஒரு வரி. அப்புறம் ரீசெட், ரீசெட், ரீசெட்.

கேபிளை மாத்தியாச்சு, கெர்னலை மாத்தியாச்சு.
அப்பா டயலாக் மட்டும் மாறல: "டேப் ரெக்கார்டர் இப்படிப் பண்ணாதுடா."

விஷயம் இதுதான்.
பைக்கு மாட்டுற லேப்டாப் சார்ஜர்ல 65 வாட்னு பெருசாப் போட்டிருக்கும். ஆனா 5 வோல்ட்ல அது தர்றது பெரும்பாலும் 3 ஆம்ப்தான். முழு பவரும் 20 வோல்ட்லதான் வரும்.
பை கேக்கறதோ 5 வோல்ட்ல 5 ஆம்ப்.
கிடைக்கலைன்னா, நாலு யூஎஸ்பி போர்ட்டுக்கும் சேர்த்தே 600 மில்லி ஆம்ப்தான் விடும். கிடைச்சா 1.6 ஆம்ப்.
சுத்துற டிஸ்க்குக்கு 600 எந்த மூலைக்கு?

ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போனா பை 5-க்கான 27 வாட் அடாப்டர்னு கேட்டு வாங்குங்க. இல்லேன்னா தனி பவர் உள்ள ஹப்.

நான் ஹப் வாங்கிட்டேன்.
அதைச் செருக வீட்டுல பிளக் பாயிண்ட் இல்ல. மிக்ஸியோடதுதான் பாக்கி.
அம்மாகிட்ட யாராவது பேசறீங்களா?