ஆடிக்காற்றும் மொட்டை மாடி நுரையும்



மதுரை வெயிலுக்குப் பயந்து மொட்டை மாடியில் பி.யு. ஃபோம் அடிப்பது நம் பக்கமும் வந்துவிட்டது. அந்தக் காலத்தில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதித்தோம். இப்போது நுரை. "சார், அடிக்கலாமா?" என்று போனில் கேட்பவர்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

அடிக்கலாம். ஆனால் ரேட்டைக் கேட்பதற்கு முன் காற்றைப் பற்றிக் கேளுங்கள்.

ஐசோசயனேட், பாலியால் என்ற இரண்டு திரவங்களைச் சூடாக்கி, துப்பாக்கி முனையில் சரிபாதியாகக் கலந்து தூவுகிறார்கள். சில நொடிகளில் 20, 30 மடங்கு பொங்கி இறுகிவிடும். காற்றில் பறக்கும் துளி எதில் விழுந்தாலும் ஒட்டிக்கொள்ளும். கார், ஜன்னல் கண்ணாடி, கொடியில் காயும் வேட்டி, எதுவும் தப்பாது. இறுகிய பின் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். அதைவிட மூச்சுக்கு ஆபத்து. ஐசோசயனேட் ஆஸ்துமாவையே உண்டாக்கக் கூடியது.

எங்கள் வீட்டில் சென்ற ஆடியில் அடித்தோம். மேல்காற்று நேராகக் கிழக்கு வீட்டுக்குப் போகும். அங்கே 80 வயதுப் பெரியவர், இளைப்புக்காரர். வேலை எடுத்தவன் என்னிடம் படித்த சோழவந்தான் பையன். பையன் என்கிறேன், அவனுக்கே காதோரம் நரைத்துவிட்டது.

அவனுடைய ஆட்கள் தார்ப்பாய் கட்டப் போனார்கள். தடுத்துவிட்டான். "தார்ப்பாய் பாய்மரம் மாதிரி சார். ஆளையும் சேத்து இழுத்துரும். காத்து மேல ஏறிக் குதிச்சு, பின்னாடி சுத்தும். எங்க அப்பா கொடிக்கால்ல அகத்தி நட்டு வச்சிருப்பார்ல? அது காத்தை நிறுத்தாது, சலிச்சு விடும். அதுதான் வேணும்."

நாற்றுப் பண்ணையில் கட்டும் 50 சதவீதப் பச்சை வலையைத்தான் பயன்படுத்தினான். இரும்புக் குழாய்ச் சட்டத்தில் ஆள் உயரத்துக்கு மேல் இழுத்துக் கட்டி, மூன்று பக்கமும் நிறுத்தி, அடியில் மணல் மூட்டை வைத்தான். தூவுபவர் நகர நகரச் சட்டமும் நகர்ந்தது. ஓரத்தில் சட்டம் பிடித்தவர்களுக்கு இடுப்பில் கயிறு. எல்லோருக்கும் முகமூடி.

வலை துளியைப் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. ஆகவே முதல் நாளே அக்கம்பக்கம் சொல்லி, வண்டிகளை நகர்த்தச் செய்து, ஜன்னல்களைச் சாத்தச் சொன்னோம். பெரியவர் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

இரண்டாம் நாள் காலை 9 மணிக்கே தெருவில் தூசியும் காகிதமும் கிளம்பின. பியூஃபோர்ட் அளவில் அது 4, மணிக்கு 20 கி.மீ.க்கு மேல். அவன் துப்பாக்கியை அணைத்துவிட்டான். அதுவரை அடித்த நுரைக்கு மேல்பூச்சை மட்டும் உருட்டி முடித்தான். வெயில் பட்டால் நுரை கெடும். "ஆட்களுக்குக் கூலி தரணுமேப்பா" என்றேன். "கூலியை நாளைக்குச் சம்பாதிச்சுக்கலாம் சார். அடுத்த வீட்டுக்காரர் மூச்சை எங்க போய் வாங்குறது?" என்றான்.

நான் அவனுக்குப் பாடம் நடத்தியவன். அன்று மாடியில் அவன் எனக்கு நடத்தினான்.

ஆகவே கண்ணுகளா, வேலைக்கு ஆள் பேசும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். திரை கொண்டு வருவீர்களா? அது வலையா, தார்ப்பாயா? காற்று ஏறினால் நிறுத்துவீர்களா? மூன்றாவதற்குத் தயங்குகிறவர் எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் வேண்டாம்.

எல்லோரும் நலமாக இருங்கள்.