204 தங்கக் கோடுகள்

2025 டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், வீட்டுக் கணினிகளுக்கு மெமரி விற்றுவந்த தன் 'க்ரூஷியல்' வியாபாரத்தையே மூடப்போவதாக அறிவித்தது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் உலகத்துச் சிப்புகளை வாரிக்கொண்டு போகின்றன; கடையில் ராம் விலை கிடுகிடுவென ஏறிவிட்டது. இதைப் பேசிக்கொண்டிருந்தபோது தேனி நண்பர் சொன்னார்: "சின்னமனூர்ல ஒரு தம்பி, பழைய கவர்மெண்ட் லேப்டாப்புக்கெல்லாம் மெமரி கூட்டித் தர்றாரு. ஒருக்கா வந்து பாருங்க."

சின்னமனூர் என்றதும் எனக்குச் செப்பேடுதான் நினைவுக்கு வரும். பாண்டியர் வம்சாவளியையும், மகாபாரதத்தைத் தமிழாக்கியதையும், மதுரையில் சங்கம் வைத்ததையும் ஓர் அரசன் செம்பில் வெட்டிவைத்தான். ஆயிரம் ஆண்டு கடந்தும் அது படிக்கக் கிடைக்கிறது. அதே ஊரில் இப்போது வாழைத்தார் லாரிகள் நிற்கும் தெருவில், பத்துக்குப் பத்து அறையில் ஒருவர் நினைவகத்தோடு மல்லுக்கட்டுகிறார்.

நான் போனபோது ஓர் அம்மா மகளோடு உட்கார்ந்திருந்தார். மேசைமேல் அரசு முத்திரை போட்ட லேப்டாப். அக்கா படித்தது, இப்போது தங்கைக்கு. 2 ஜிபி ராம். ஒரு பக்கம் திறப்பதற்குள் டீ ஆறிவிடும்.

தம்பி முதலில் பேட்டரியைக் கழற்றினார். ஜன்னல் கம்பியைத் தொட்டுக் கையிலிருந்த மின்னேற்றத்தை இறக்கினார். அடிமூடியைத் திறந்து, இரண்டு கொக்கிகளையும் விரலால் விலக்கியதும் ராம் துண்டு துள்ளி எழுந்தது. டிடிஆர்3 வகை. ஓரத்தில் பக்கத்துக்கு 102 என்று 204 தங்கக் கோடுகள். பிறகு அவர் எடுத்த கருவி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளை ரப்பர். ஒரே திசையில், அழுத்தாமல் தேய்த்தார். மங்கிக் கிடந்த கோடுகள் பளிச்சென்றாயின. செத்த லேப்டாப் ஒன்றிலிருந்து எடுத்துவைத்த இன்னொரு துண்டையும் அப்படியே தேய்த்து, பக்கத்து ஸ்லாட்டில் சாய்த்துச் செருகினார். 'டக்' என்று சத்தம்.

"ராம் போட்டா மட்டும் பத்தாதுண்ணே. இதுல இருக்கிற விண்டோஸ் 7 ஸ்டார்டர் ரெண்டு ஜிபிக்கு மேல எண்ணாது. லினக்ஸ் ஏத்தணும்" என்றார்.

அவர் கதையும் அந்த ரப்பரில்தான் தொடங்குகிறது. அப்பா வாழைத்தார் சுமந்தவர். 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் இவருக்கும் ஒன்று கிடைத்தது. டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் அதன் திரை கறுத்துப்போனது. பெரிய ஊர்க் கடையில் போர்டே போச்சு என்று ஒரு தொகை கேட்டார்கள். அது அப்பாவின் ஒரு மாதக் கூலி. வீட்டுக்கு வந்து தானே திறந்தார், ராமைத் தேய்த்துப் போட்டார், உயிர் வந்தது. அன்றைக்கே டிவி மெக்கானிக் ஒருவரிடம் போய்ச் சேர்ந்தார். டிவியின் எட்டுக் கால் மெமரி ஐசியைக் காலொடியாமல் கழற்றப் பழகிய கை, இன்று பிளோயர் காற்றில் 96 சால்டர் மணிகள்மேல் உட்கார்ந்த சிப்பை எடுக்கிறது.

வெளிநாட்டிலும் இந்தக் கை உண்டு. 1993-ல் வந்த எச்பி 48ஜி கிராஃபிங் கால்குலேட்டரில் மெமரி 32 கேபிதான். விலை கூடிய 48ஜிஎக்ஸில் 128 கேபி. ஆர்வலர்கள் 48ஜி-யைப் பிளந்து, பெரிய சிப்பைத் தாங்களே பற்றவைத்துக்கொண்டார்கள். நம் தேர்வறைகளில் அதற்கு இடமில்லை. நமக்குக் கேசியோ எஃப்எக்ஸ்-991. நம் பிள்ளைகளுக்கு வாய்த்த பெரிய கருவி இந்த லேப்டாப்தான்.

ஆனால் இந்தக் கைக்கு என்ன மிஞ்சுகிறது? கிராமம் கிராமமாகப் பழைய லேப்டாப்பை எடைக்கு வாங்கிப் போகிறவர்கள், உள்ளே இருக்கும் ராமை நகரத்தில் தனியாக விற்கிறார்கள். அதுவே புது ஸ்டிக்கர் ஒட்டி இவரிடம் திரும்பி வருகிறது. 4 ஜிபி என்று எழுதியிருக்கும். போட்டுப் பார்த்தால் 2 ஜிபி. திருப்பினால் எடுக்கமாட்டார்கள். நம் ஊரில் நமக்குக் கொடுத்த பொருளை, நம் மெக்கானிக்கே இரட்டை விலைக்கு வாங்குகிறார். இது அநியாயம். 2025 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அரசு அறிவித்ததை மனதார வரவேற்கிறேன். ஆனால் ஒரு லேப்டாப்பின் ஆயுள், அதைத் திறக்கத் தெரிந்த கை அந்த ஊரில் இருக்கும்வரைதான். அந்தக் கைக்கு நேர்மையான விலையில் உதிரிபாகம் கிடைக்க வழிசெய்யாமல் கொடுப்பது, கிணறு வெட்டிக் கயிறு கொடுக்காதது போல.

இரவெல்லாம் மெமரி சோதனை ஓடியது. மறுநாள் காலை திரையில் ஒரு பிழையும் இல்லை, 4 ஜிபி. அம்மா இருநூறு ரூபாயை நீட்டி, மஞ்சப்பையை விரித்தார். தம்பி ரப்பரைப் பாதியாக அறுத்து அந்தப் பெண்ணின் கையில் வைத்தார்.

"டிஸ்பிளே வரலைன்னா பயப்படாத பாப்பா. நேத்து பாத்தேல்ல, நீயே கழட்டித் தேய்ச்சுப் போடு. அப்பவும் வரலைன்னா மட்டும் வா."