வேன் வந்தால்தான் விடியும்

பொருளை மக்களிடம் கொண்டு சேர்ப்பதுதான் போக்குவரத்து என்று பி.காம். வகுப்பில் படிக்கிறோம். தாயில்பட்டிப் பக்கம் வந்து பார்த்தால் அது பாதிதான் என்று தெரியும். இங்கே மக்களைப் பொருளிடம் கொண்டு சேர்ப்பதும் அதுதான்!

பட்டாசு ஆலை வீடுகளை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும் என்பது வெடிபொருள் விதி. அதனால் ஆலை கரிசல் காட்டில், ஆட்கள் ஊருக்குள். நடுவில் ஓடுவது கம்பெனி வேன். அது வருவதற்குள் பெண்கள் சோறு பொங்கி, தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தாக வேண்டும். ஊருக்கே அதுதான் கடிகாரம்.

சிவகாசிக்கு 1927-லேயே ரயில் வந்துவிட்டது. ஆனால் பட்டாசோடு ரயில் ஏறினால், 1989 ரயில்வே சட்டப்படி 3 ஆண்டு வரை சிறை! ஆகவே சரக்குக்கு லாரிதான். அதை நம்பி லோடுமேன், டிரைவர், டீக்கடை என்று எத்தனையோ குடும்பங்கள்.

2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புக்குத் தடை விதித்தது. அதன்பின் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. வேனும் இல்லை, கூலியும் இல்லை.

பட்டாசு வேண்டுமா, வேண்டாமா என்று தாராளமாக விவாதிக்கலாம். அந்த வேன் நின்றுபோனால், இவர்களை ஏற்றிப்போக வேறு எந்த வேன் வரும் என்பதையும் சேர்த்தே கேட்போமே!